கோட்டையைக் கட்டித் தர வேண்டாம், குண்டு விழுந்த எல்லையைக் காட்டுங்கள்

கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கும், மாநகராட்சிக்கும், தொல்லியல் துறைக்கும், சுற்றுலாத் துறைக்கும்,

வணக்கம்.

வெள்ளிக் கடற்கரையில் நடைபாதை, விளக்கு, பூங்கா என்று ஏதாவது பேச்சு கிளம்பும்போதெல்லாம் கூடவே புனித டேவிட் கோட்டையின் பெயரும் அடிபடும். கோட்டையை மீட்க வேண்டும், பழைய பொலிவுக்குக் கொண்டுவர வேண்டும், வாசலில் இரண்டு பீரங்கி வைக்க வேண்டும், ராபர்ட் கிளைவ் இங்கே ஆளுநராக இருந்தார் என்று பலகை நட வேண்டும் என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். நான் கேட்பது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு. தயவுசெய்து கோட்டையைத் திரும்பக் கட்டாதீர்கள். சிமென்ட் பீரங்கியும் வேண்டாம். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கரையோரம் மிச்சமிருக்கும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் அப்படியே காப்பாற்றி வைத்தால் போதும். அதற்கு மேல் பணம் செலவழிக்க மனம் இருந்தால், அந்தக் கோட்டையின் பீரங்கிக் குண்டு போய் விழுந்த இடங்களை எங்களுக்கு அடையாளம் காட்டுங்கள், ஏனென்றால் கோட்டையின் உண்மையான பரப்பு அதுதான். இதை விளக்க 330 வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், இந்தக் கோட்டை வெள்ளைக்காரன் போட்ட கோட்டை இல்லை. இங்கே முதலில் ஒரு சிறு கோட்டையை எழுப்பியது நம் பக்கத்து வணிகர் ஒருவர். துணி ஏற்றுமதி கொழித்த கரை இது, டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தில் பண்டகசாலை வைத்திருந்தார்கள். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபோது இந்தப் பகுதியும் மராட்டியர் கைக்குப் போனது. சிவாஜிக்குப் பிறகு அவருடைய மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டைக்குள் இருந்துகொண்டு முகலாயப் படையைச் சமாளித்துக்கொண்டிருந்தார். முற்றுகையில் இருப்பவருக்கு எப்போதும் பணம் தேவை. சென்னையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த எலிஹு யேலுக்கோ தெற்கே ஓர் இடம் தேவை. 1690இல் விற்பனை முடிந்தது. வேல்ஸ் நாட்டுப் பூர்விகம் கொண்ட யேல், அந்த நாட்டின் காவல் புனிதரான டேவிட்டின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் யாருடைய நன்கொடைக்காகப் பெயர் பெற்றதோ அவரேதான் இவர்.

விற்பனைப் பேச்சில் ஒரு நிபந்தனை இருந்தது. கோட்டை மட்டும் இல்லை, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும், அதற்குள் வரும் ஊர்களும் கம்பெனிக்கே. ஆற்றங்கரை முதல் இந்தப் புளியமரம் வரை என்று எல்லை எழுதுவதுதான் நம் வழக்கம். இங்கே எல்லையைக் குண்டு எழுதியது. இதற்காகவே சென்னையிலிருந்து நல்ல வெண்கலப் பீரங்கி ஒன்றையும் கை தேர்ந்த பீரங்கிக்காரர் ஒருவரையும் அனுப்பினார்கள். வெடிமருந்தைத் திணித்து, குழலைத் தூக்கி, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் குண்டை அனுப்புவது சுடுகிறவன் கைத்திறமை என்கிற பொருளில் சென்னையிலிருந்து வழிகாட்டலும் வந்தது. சாமர்த்தியமான ஆட்கள்! 1690 செப்டம்பரில் நாலா திசையிலும் சுட்டார்கள். கடலூர் நகரமே எல்லைக்குள் வந்து விழுந்தது.

அன்றைக்கு அந்த வட்டத்துக்குள் இருந்த உப்பளக்காரர், நெசவாளர், மீனவர், உழவர் யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. காலையில் மராட்டியர் ஊரில் எழுந்த ஒருவர் குண்டு போன தூரத்தை வைத்து மாலைக்குள் கம்பெனியின் ஆளாகிவிட்டிருப்பார். பத்து முழம் தள்ளி விழுந்திருந்தால் அவர் வரி கட்டும் இடமே வேறு. குண்டு கிராமங்கள் என்று அந்த ஊர்களைச் சொல்லும் வழக்கம் நூறு, இருநூறு வருடம் கழித்தும் போகவில்லை, அரசு விவரத் தொகுப்பிலேயே பதிவாகியிருக்கிறது. குண்டு உப்பலவாடி இன்றும் நம் ஊர்ப் பெயர்ப்பலகையில் இருக்கிறது, நகரத்துக்குள் குண்டு சாலையும் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சாலையில் போய் வருகிறார்கள். பெயருக்கான காரணம் சொல்லும் ஒரு கல்கூட அங்கே கிடையாது. சாலையில் குண்டும் குழியும் இருப்பதால் வந்த பெயர் என்று நினைக்கிற பிள்ளைகளைக் குறை சொல்லவா முடியும்?

இதே கோட்டையில் அறுபது வருடம் கழித்து நடந்த இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், எனக்கு இந்தக் கதையிலேயே அதிகம் பிடித்த பகுதி இதுதான். பீரங்கிக் குண்டு ஏன் அங்கே விழுகிறது, ஏன் இன்னும் கொஞ்சம் தள்ளி விழவில்லை என்ற கேள்விக்கு முதல்முதலாகச் சரியான விடை சொன்ன விஞ்ஞானி பெஞ்சமின் ராபின்ஸ். ஒரு கனமான மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர். அதற்கு முன்னால் இருந்தவர்கள், குண்டு அழகான வளைவில் பறந்து விழுகிறது, 45 பாகையில் தூக்கினால் அதிக தூரம் போகும், காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ராபின்ஸ் 1742இல் வெளியிட்ட ஆய்வில், வேகமாகப் போகும் குண்டைக் காற்று அதன் எடையைப்போலப் பல மடங்கு விசையோடு தடுக்கிறது என்று காட்டினார். குழாயின் உள்சுவரில் உரசி வெளியே வரும் உருண்டை சுழல்கிறது, அந்தச் சுழற்சியால் பக்கவாட்டில் விலகுகிறது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். அந்த ஆய்வை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா, கணித மேதை ஆய்லர்.

அப்பேர்ப்பட்ட ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டு 1750 ஜூலையில் வந்து இறங்கிய இடம் நம் தேவனாம்பட்டினம். இந்தக் கோட்டையையும் சென்னைக் கோட்டையையும் பலப்படுத்துவதுதான் அவர் வேலை. வெயிலும் காய்ச்சலும் விடவில்லை. 1751 ஜூலை 29 அன்று இங்கேயே இறந்துபோனார், வயது 44. யோசித்துப் பாருங்கள், 1690இல் ஒரு பீரங்கிக்காரர் கண்ணை நம்பிச் சுட்டு நம் ஊர்களின் எல்லையைத் தீர்மானிக்கிறார், அந்தக் குண்டு ஏன் அங்கே விழுந்தது என்று கணக்குப் போடத் தெரிந்த ஒரே மனிதர் பிறகு அதே இடத்துக்கு வந்து அங்கேயே முடிந்துபோகிறார். கிளைவுக்குப் பலகை வைக்க நினைக்கும் யாருக்கும் ராபின்ஸ் நினைவுக்கு வராதது எனக்குப் புரியவே இல்லை. கோட்டை இருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இந்த ஒரு கதை போதும், ஊசல் பாடம் ஜென்மத்துக்கும் மறக்காது.

சரி, கோட்டைக்கு வருவோம். பீரங்கி வட்டம் அவ்வளவு பெரியது என்பதால் கோட்டையும் பிரம்மாண்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1758 காலத்து ஆங்கிலேயக் குறிப்புகளின்படி உள்கோட்டை வடக்கு தெற்காக 390 அடி, கிழக்கு மேற்காக வெறும் 140 அடி. மஞ்சக்குப்பம் மைதானத்துக்குள் தூக்கி வைத்தால் தாராளமாக அடங்கிவிடும். ஆனால் அந்தச் சின்ன இடத்தைச் சுற்றி அடுக்கடுக்காகப் பாதுகாப்பு. நான்கு மூலையிலும் கொத்தளம், ஒவ்வொன்றிலும் 12 பீரங்கி, ஆக 48. மதிலின் அடியில் அதைச் சுற்றித் தாழ்வான இன்னொரு மதில், அதற்குச் செங்கல் கைப்பிடிச் சுவர். வடக்கே இரண்டு முனைகளோடு முன்னே நீண்டு நிற்கும் வெளிக்கோட்டை, அதில் மட்டும் 34 பீரங்கி. கிழக்கிலும் மேற்கிலும் முக்கோணக் காப்பரண்கள். எல்லாவற்றையும் சுற்றி அகழி, அதன் நடுவில் இன்னும் ஆழமாக வெட்டிய வாய்க்கால், தண்ணீர் திருப்பாதிரிப்புலியூர் ஆற்றிலிருந்து, அதாவது நம் கெடிலத்திலிருந்து. அகழிக்கு அப்பால் மரமுளை நட்ட மறைவுப் பாதை, அதையும் தாண்டி வெளிப்பக்கமாகச் சரியும் மண்மேடு. அந்தச் சரிவுக்கு அடியில் வெடிமருந்து அறைகள்.

அறை என்றதும் சுரங்கம் ஞாபகம் வரும். நம் ஊரில் எந்தப் பழைய கட்டடத்தைக் காட்டினாலும் இங்கிருந்து செஞ்சிக்குச் சுரங்கம் போகிறது, கோயிலுக்குச் சுரங்கம் போகிறது என்பார்கள். இங்கே உண்மையிலேயே நிலத்தடிப் பாதை இருந்தது. எந்த ஊருக்கும் போகவில்லை, கோட்டையையே சுற்றி வந்தது. சரிவு மேட்டின் கீழே முழு வட்டமாக ஓடிய அந்தப் பாதையிலிருந்து, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு வெளிப்பக்கமாகக் கிளைகள் பிரிந்தன, ஒவ்வொரு கிளையின் முடிவிலும் மருந்து அறை. எதிரி மேலே ஏறி வந்தால் காலுக்கடியில் வெடிக்கும் ஏற்பாடு. காவலர்கள் எதிரியின் கண்ணில் படாமல் கோட்டையைச் சுற்றி வரவும் அதே பாதை உதவியது. இதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மண்ணைத் தோண்டாமலே கருவி வைத்துப் பார்க்க இன்று வழி இருக்கிறது. தொல்லியல் துறையினர் இதைப் படிப்பதாக இருந்தால், நான் உங்களிடம் குறிப்பாகக் கேட்பது இந்த நிலத்தடி ஆய்வைத்தான்.

ஏன் வடக்கே மட்டும் இவ்வளவு பீரங்கி? தெற்கே கெடிலம், கிழக்கே கடல். வடக்கே தென்பெண்ணை வரைக்கும் மணல், அதுவும் சமதளமாக இல்லாமல் மேடு மேடாக. மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் எதிரி வந்துவிடலாம், கோட்டைக் குண்டு அவனைத் தொடாது. ஆக, வடக்கிலிருந்து, புதுச்சேரியிலிருந்து, மணலில் வரும் ஆளுக்காகத்தான் 34 பீரங்கி வைத்த அந்த வெளிக்கோட்டை. கடற்கரைக் கோட்டை என்றால் பீரங்கி எல்லாம் கடலைப் பார்த்து நிற்கும் என்று படத்தில் காட்டுவார்கள், இங்கே கவலை முழுக்க மணல் பக்கம்தான். கடல் பக்கம் இயற்கையே பாதிக் காவல். துறைமுகம் கிடையாது, பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாமல் வெளியே நங்கூரம் போட வேண்டும், அலையைத் தாண்டி ஆளும் சரக்கும் வர நம் ஆட்களின் தையல் படகும் கட்டுமரமும் வேண்டும். பீரங்கியும் மருந்தும் ராபின்ஸும் எல்லாமே இந்த அலைக்கு மேல் நம் மீனவர் துடுப்பில் வந்து இறங்கியவைதான். எந்தப் பலகையிலாவது அதை எழுதுவீர்களா?

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்கு மிஞ்சிய தலைமையிடம் இதுதான். 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் ஆட்சி இந்த 390 அடியிலிருந்துதான் நடந்தது. எழுத்தராக இருந்த இளைஞன் கிளைவ் சென்னையிலிருந்து தப்பி இங்கேதான் வந்து சேர்ந்தான். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே விட்டு விட்டுப் படை அனுப்பினார். 1746 டிசம்பரில் வந்த படை தென்பெண்ணையைத் தாண்டி கோட்டைக்கு வெளியே ஆளுநரின் தோட்ட வீட்டில் இறங்கியது, ஆற்காடு நவாபின் மகன்கள் மாபூஸ்கானும் முகமது அலியும் வந்து விழுந்ததில் கலைந்து ஓடியது. அடுத்த வருடம் மார்ச்சில் இன்னொரு படை, அதற்குள் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்துவிட்டன. இந்தப் போக்குவரத்தையெல்லாம் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழில் குறித்துவைத்தவர் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்புத் தரகராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. தேவனாம்பட்டணம், கூடலூர் என்று அவர் நாட்குறிப்பில் நம் ஊர் திரும்பத் திரும்ப வரும். இவ்வளவு நெருக்கமான தமிழ்ச் சாட்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலேயர் எழுதியதை மட்டும் பலகைக்கு மொழிபெயர்ப்பது நியாயமில்லை.

1748 ஜூனில் நடந்த கூத்தை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடத் தொடக்கத்தில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற அதிகாரி இங்கே வந்து படைக்குப் பொறுப்பேற்றிருந்தார். இந்தியப் படையின் தந்தை என்று பின்னால் பெயர் வாங்கியவர். பிரெஞ்சுப் படை கடலூர் நகரத்தைத் தாக்க வருகிறது என்று தெரிந்ததும், பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க நகரத்துப் பீரங்கிகளையும் காவலர்களையும் கிளப்பிக் கோட்டைக்குக் கொண்டுபோனார். ஊர் காலி என்று செய்தி எதிரிக்குப் போய்ச் சேர்ந்தது. இருட்டியதும் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார். நள்ளிரவில் ஏணியோடு வந்த பிரெஞ்சுக்காரர்கள் மேல் மதிலிலிருந்து சில்லுக்குண்டு கொட்டியது. விடிவதற்குள் புதுச்சேரியைப் பார்த்து ஓட்டம். பீரங்கியை இடம் மாற்றியே ஒரு சண்டையை ஜெயித்த கதை, பள்ளிக்கூடத்து நாடகத்துக்கு இதைவிட நல்ல கரு கிடைக்காது.

கிளைவ் 1756இல் இதே கோட்டைக்குத் துணை ஆளுநராக வந்தார், கல்கத்தா பறிபோன செய்தி கேட்டு வங்காளத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். சில மாதக் கதை. அதற்குத்தான் அத்தனை பலகை ஆசை.

1758 அப்படி இல்லை, அது இந்த மண்ணின் கதை. ஏப்ரல் 28 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் இறங்கினார், இறங்கிய அன்றே படையைத் தெற்கே அனுப்பினார். பிரெஞ்சுக் கப்பல்களைக் கண்டதும் கோட்டைக்கு எதிரே நின்ற பிரிட்ஜ்வாட்டர், டிரைட்டன் என்ற இரண்டு ஆங்கிலேயப் போர்க்கப்பல்களும் தப்ப வழியில்லாமல் கரையில் ஏற்றப்பட்டுக் கொளுத்தப்பட்டன. மறுநாள் கடலூருக்கு நேரே நடுக்கடலில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் போக்காக் ஒரு பக்கம், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தாஷே ஒரு பக்கம் நின்று மோதியதில் யாருக்கும் முழு வெற்றி இல்லை. ஆனால் போக்காக்கின் கப்பல்கள் வடக்கே தள்ளப்பட்டுவிட்டன. சித்திரை, வைகாசியில் இந்தக் கரையில் தெற்குக் காற்றும் வடக்கே இழுக்கும் நீரோட்டமும் எப்படி இருக்கும் என்று தேவனாம்பட்டினத்து மீனவரைக் கேளுங்கள், அதை எதிர்த்துப் பாய்மரக் கப்பல் தெற்கே திரும்பி வருவது லேசான காரியமா? போக்காக் முட்டி மோதிப் பார்த்தார், நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. கோட்டை தனியாக மாட்டிக்கொண்டது.

அப்புறம் லாலியின் பீரங்கிகள். முற்றுகைப் பீரங்கி கனமானது, வண்டியும் மாடும் ஆயிரக்கணக்கில் வேண்டும். லாலி அவசரக்காரர், மாடு கிடைக்கவில்லை என்றதும் புதுச்சேரி மக்களைப் பிடித்து இழுக்கவைத்தார், சுமக்கவைத்தார். சாதி, தொழில் எதையும் பார்க்காமல், பிராமணர் உட்பட, தெருவில் அகப்பட்டவர்கள் தோளில் எல்லாம் சுமை ஏறியது. புதுச்சேரியே அவரை வெறுக்கத் தொடங்கியது அப்போதுதான். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு இன்று பேருந்தில் எத்தனை தடவை போய் வருகிறோம், அதே வெயிலில், அதே மணலில், தென்பெண்ணையைத் தாண்டி, நம் பக்கத்து ஊர்க்காரர்கள் நம் ஊரை உடைக்கும் பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்தார்கள், அதுவும் அடி வாங்கிக்கொண்டு. யார் எந்தக் கொத்தளத்தில் செத்தார் என்று இரண்டு பக்க வெள்ளைக்காரர்களும் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். இழுத்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

கோட்டைக்குள் மேஜர் போலியர் தலைமையில் ஐரோப்பியர், கப்பல் மாலுமிகள், அவர்களைவிட எண்ணிக்கையில் அதிகமாக நம் சிப்பாய்கள். வடக்கே மணல்மேட்டில் இருந்த சிறு காவலரண்கள் முதலில் விழுந்தன. கோட்டையிலிருந்து கண்டதையும் சந்தேகப்பட்டதையும் இரவு பகலாகச் சுட்டுத் தள்ளியதில் மருந்தும் குண்டும் வற்றின, சொந்தப் பீரங்கி வண்டிகளே அதிர்ச்சி தாங்காமல் கெட்டுப்போயின. பிரெஞ்சுக் குண்டு ஒன்று தண்ணீர்த் தொட்டியை உடைத்தது. கத்திரி வெயில் காலத்தில் குடிநீருக்கே தட்டுப்பாடு. 80க்கும் மேற்பட்ட பீரங்கி, சுற்றிலும் சுரங்க வெடி, ராபின்ஸ் வரை வந்து பார்த்த மதில், இவ்வளவும் இருந்தும் தண்ணீரும் மருந்தும் இல்லாமல் 1758 ஜூன் 2 அன்று கோட்டை சரணடைந்தது. போலியர் மேல் பழி விழுந்தது. அந்த மனிதர் அதே வருடக் கடைசியில் சென்னை முற்றுகையில் காயம்பட்டு இறந்தார்.

சரணடைந்ததும் லாலி மதில்களை வெடிவைத்துத் தகர்க்கச் சொன்னார். இன்று நாம் பார்க்கும் இடிபாடு முதன்மையாக அந்த உத்தரவின் விளைவுதான், கால ஓட்டத்தில் தானாகச் சிதைந்தது குறைவு. பழைய பொலிவுக்குக் கொண்டுவருவோம் என்கிறவர்களிடம் எனக்கு இருக்கும் முதல் கேள்வி இதனால்தான், எந்தப் பொலிவு? வணிகர் கட்டியதா, யேல் வாங்கியதா, ராபின்ஸ் வந்து பார்த்ததா, லாலி உடைத்ததா? உடைந்து கிடப்பதே அதன் வரலாறு. 1760இல் ஆங்கிலேயர் கடலூரைத் திரும்பப் பிடித்தார்கள், 1782இல் ஹைதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி பிடித்தார்கள், 1783 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட்டும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் நிலத்திலும், ஆங்கிலேயரின் ஹியூஸும் பிரெஞ்சுக்காரரின் சுஃப்ரானும் கடலிலும் மோதிக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்து சண்டை பாதியில் நின்றது. 1785இல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பியது. இந்தக் கட்டத்தில் கோட்டை பழைய கோட்டையாக இல்லை.

வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் அடித்துக்கொண்ட இடத்தை நாம் எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும், டீக்கடையில் நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கிளைவுக்கு நினைவிடம் என்றால் நானும் உங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன். ஆனால் நிலம் நம்முடையது, தண்ணீர் கெடிலத்தினுடையது, அலை தாண்டிச் சரக்கு ஏற்றியது மீனவர், உள்ளே நின்று சுட்டவர்களில் பெரும்பாலோர் நம் சிப்பாய்கள், வெளியே பீரங்கி இழுத்தது புதுச்சேரி ஜனம், குண்டு விழுந்து எல்லை மாறியது நம் ஊர்கள். இதில் நம் பங்கை எடுத்துவிட்டால் அவர்கள் கதையில் என்ன மிஞ்சும்?

தரங்கம்பாடியில் டேனியக் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் அருங்காட்சியகமாக நிற்கிறது. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. அவை நின்ற கோட்டைகள், காட்டுவதற்குச் சுவர் இருக்கிறது. இங்கே சுவர் இல்லை, ஆகவே வழியும் வேறாக இருக்க வேண்டும். நான் கேட்பவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. மிச்சமிருக்கும் செங்கல் கட்டுமானத்தை அளந்து, படம் வரைந்து, புகைப்படம் எடுத்து ஆவணப்படுத்துங்கள், புதரைப் பிடுங்குகிறேன் என்று இயந்திரத்தை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள். 2004 சுனாமியும் 2011 தானே புயலும் 2015 வெள்ளமும் இந்தக் கரையை எவ்வளவு புரட்டிப்போட்டன என்று நாமெல்லோரும் பார்த்தவர்கள், அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஆவணமாவது தங்கட்டும். பதினெட்டாம் நூற்றாண்டு முற்றுகை வரைபடங்கள் லண்டனிலும் பாரிஸிலும் காப்பகங்களில் இருக்கின்றன. அவற்றை இன்றைய ஊர் வரைபடத்தின் மேல் பொருத்தினால் கொத்தளம் எங்கே, வெளிக்கோட்டை எங்கே, மணல்மேடு எங்கே என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். அந்தப் படத்தைத் தமிழில் பெரிதாக அச்சிட்டு வெள்ளிக் கடற்கரையில் வையுங்கள், வடை சாப்பிட வருகிறவர்கள் படிக்கட்டும்.

அதைவிட முக்கியம் எல்லைக் கற்கள். குண்டு உப்பலவாடியிலும், குண்டு சாலையிலும், 1690 எல்லைக்குள் வந்ததாகப் பதிவுள்ள மற்ற ஊர்களிலும் சாலையோரம் இடுப்பளவு கருங்கல் ஒன்று, அதில் நான்கு வரி. இந்த ஊர் இந்தக் கோட்டையின் பீரங்கி எல்லைக்குள் 1690இல் வந்தது, கோட்டை இந்தத் திசையில் இவ்வளவு கிலோமீட்டர். எந்த ஊர்கள் என்பதை வருவாய்த்துறைப் பழைய ஆவணங்களையும் கம்பெனிக் குறிப்புகளையும் வைத்து ஒரு வரலாற்று ஆய்வாளர் உறுதி செய்துகொள்ளட்டும், வாய்மொழியை மட்டும் நம்பிக் கல் நட்டுவிடக் கூடாது. ஆளுக்கொரு ஊரில் எங்கள் ஊரும் குண்டு ஊர்தான் என்று சண்டை வரும், வரட்டும், அந்தச் சண்டையிலாவது நாலு பேர் பழைய ஆவணத்தைத் தூசி தட்டுவார்கள்.

பெயர் மாற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நகரத்தில் கிளைவ் தெரு இருக்கிறது, அதை மாற்றலாமா வேண்டாமா என்பது உங்கள் பாடு. ஆனால் குண்டு சாலைக்கு மட்டும் எந்தத் தலைவர் பெயரையும் வைத்துவிடாதீர்கள்.

கள ஆய்வுக்கு வருவதாக இருந்தால் பங்குனிக்குள் வாருங்கள், ஐப்பசி, கார்த்திகையில் கெடிலம் கரையில் கால் வைக்க முடியாது. வருகிறவர்கள் வடக்கே தென்பெண்ணைப் பக்கமிருந்து நடந்து வந்தால் 34 பீரங்கி ஏன் அந்தத் திசையைப் பார்த்து நின்றன என்பது சொல்லாமலே விளங்கும். கூட நடந்து வழி காட்ட இந்த ஊரில் என்னைப்போல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம், தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பீரங்கி எல்லைக்குள் குடியிருக்கும் கடலூர்க்காரன் ஒருவன்